உகெரேவே தீவுக்கு ஒரு நாள் போய் வா

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. கூட்டத்தில் நீ சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை என்றாய். "திரும்பி வந்துடட்டுமா அம்மா" என்று கேட்டாய். வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தான்சானியாவில் நீ இருக்கும் முவான்ஸாவிலிருந்து படகேறினால் உகெரேவே வந்துவிடும். விக்டோரியா ஏரியிலேயே பெரிய தீவு. பின்னாளில் உலகப் பெண்கள் மாநாட்டையே முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் மொங்கெல்லா 1945-இல் பிறந்தது அங்கேதான். பன்னிரண்டு வயதில் தீவை விட்டுக் கிளம்பி, மொரோகோரோவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்குப் படிக்கப் போனார். அந்த வயதில் உன்னை நான் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

படித்து முடித்து, 1970-இல் தாரெஸ்ஸலாமில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்தார். என்னைப் போல டீச்சர் வேலைதான். அப்புறம் நாடாளுமன்றம், அமைச்சர் பதவி. 1991-இல் நம் டெல்லிக்கே தான்சானியாவின் தூதராக வந்தார்.

1995-இல் பெய்ஜிங்கில் ஐ.நா. நடத்திய உலகப் பெண்கள் மாநாட்டுக்குப் பொதுச்செயலாளர் அவர்தான். 189 நாட்டு அரசுகள். எந்த வரிக்கு யார் சம்மதிக்கவில்லையோ, அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவது அங்கே வழக்கம். மாநாடு தொடங்கும்போது வரைவு முழுக்க அடைப்புக்குறிகள். பெண் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு, தன் உடல் மேல் அவளுக்குள்ள உரிமை, எல்லாமே அதற்குள் கிடந்தன. இராத்திரி இராத்திரியாக உட்கார்ந்து, பேசிப் பேசி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். செப்டம்பர் 15-இல் ஆவணம் நிறைவேறியது. சில நாடுகள் தங்கள் மறுப்பைப் பதிவு செய்தன, ஆனாலும் நிறைவேறியது. எத்தனையோ பேரின் உழைப்பு அது. ஆனால் இரண்டரை வருஷத்துக்கு மேல் அதைத் தூக்கிச் சுமந்தவர் இவர். 'மாமா பெய்ஜிங்' என்று பெயரே வந்துவிட்டது. தான்சானியாவில் மாமா என்றால் அம்மா, உனக்குத் தெரியாததா!

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். அவ்வளவு பெரிய சபையைப் பார்த்தவர், 2000-இல் தன் தீவின் தொகுதியிலேயே எம்.பி. ஆனார். 2004-இல் ஆப்பிரிக்க நாடுகளுக்கெல்லாம் பொதுவான நாடாளுமன்றம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அதே 1995-இல் நான் வேலை பார்த்த பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்குக் கழிப்பறை கிடையாது. மனு எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது, நீலமை மங்கிப்போய். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அடுத்த கூட்டத்தில் நீ சொன்னது மினிட்ஸில் ஏறும்வரை எழுந்திருக்காதே கண்ணு. அதற்கப்புறமும் வரத் தோன்றினால் வா. அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

பருப்புப்பொடி பார்சல் போட்டாச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உகெரேவேக்குப் போ. நான்சியோவில் இறங்கியதும் கரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை விட்டுக் கிளம்பிய தீவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அம்மா