ஷாக்கை மாற்றும் முன் பிவட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்பக்கம் அதிர்வு தாங்கும் ஷாக் (சஸ்பென்ஷன்) உள்ள பழைய மவுண்டன் பைக் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். அதில் எனக்கு நேர்ந்த வீண் செலவு மற்றவர்களுக்கும் நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களாகவே மேடுபள்ளத்தில் ஏறினால் பின்பக்கம் மரக்கட்டை போல இடித்தது. காட்டிய இடத்தில், “ஷாக் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்” என்றார்கள். மாற்றினேன். புது ஷாக் போட்ட பிறகும் அதே இடி! கழற்றிப் போட்ட பழைய ஷாக்கில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு தெரிந்தபோது வயிறு எரிந்தது.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை மிகவும் எளிது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஷாக்கின் ஒரு முனையில் இருக்கும் போல்ட்டை எடுத்துவிட வேண்டும். அப்புறம் பின் ஃபிரேமைக் கையால் தூக்கி விட்டால், பிவட்டுகள், அதாவது பின் ஃபிரேம் அசையும் மூட்டுகள், நன்றாக இருக்கும் பட்சத்தில் அது தன் எடையிலேயே கீழே இறங்கும். என்னுடையது விட்ட இடத்திலேயே நின்றது. ஒவ்வொரு பிவட்டாகக் கழற்றி அசைத்துப் பார்த்ததில், பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பிவட்தான் இறுகியிருந்தது. சக்கரம் வாரியடிக்கும் சேறு முழுவதும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

சக்கரத்தில் இருக்கும் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும். பிவட்டில் இருப்பது சில டிகிரிதான் முன்னும் பின்னும் அசையும். அதன் உள்ளே இருக்கும் குண்டுகள் ஒரே இடத்தில் உருண்டு உருண்டு கிரீஸை ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. தள்ளிய கிரீஸ் திரும்ப வருவதில்லை. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் துருதான். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாயை அந்த மூட்டுக்கு நேராகப் பிடித்துக் கழுவவே கூடாது. நான் வருடக்கணக்காக அப்படித்தான் கழுவினேன், பேரிங்கில் அது நன்றாகத் தெரிந்தது.

துரு லேசாக இருந்தால் பேரிங்கைக் காப்பாற்றலாம். மெல்லிய பிளேடு நுனியால் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தூக்கி எடுத்து, உள்ளே மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தாங்கும் கிரீஸை நிறைய அடைக்கலாம். வேகமாகச் சுற்றாத பேரிங் என்பதால் சூடாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சுற்றும்போது கரகரவென்று தட்டினால் மாற்றுவதுதான் சரி.

பேரிங்கைக் கழற்றும்போது சுத்தியலை எடுக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊறவிட்டேன். மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியை ஃபிரேமில் சுற்றினேன். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி கொஞ்சம் தளரும். நீளமான போல்ட், நட்டு, இரண்டு சாக்கெட்டுகள் (நட்டு முறுக்கும் குழல் வடிவ ஸ்பானர்) இருந்தால் போதும். சின்ன சாக்கெட் ஒரு பக்கம் தள்ள, பெரிய சாக்கெட் மறுபக்கம் பேரிங்கை வாங்கிக்கொள்ளும். நட்டை மெதுவாக முறுக்க முறுக்கப் பேரிங் வெளியே வந்துவிடும்.

சீலின் மேல் 6902 என்று எண் இருந்தது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சைக்கிள் கம்பெனி அந்த மாடலை நிறுத்தியிருந்தாலும் கவலையில்லை, எண்ணைச் சொல்லிப் பேரிங் வாங்கலாம். குண்டுகளைத் தனித்தனியாகப் பிடிக்கும் கூண்டு இல்லாமல் முழுக்கக் குண்டுகளே நிரப்பிய வகையும் உண்டு. அசையும் மூட்டுக்கு அதுதான் நல்லது. புதியதை உள்ளே தள்ளும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பதிந்து, போடும்போதே பேரிங் கெட்டுவிடும். கழற்றிய வாஷர்களை அதே வரிசையில் மாட்டுங்கள். ஒன்று விடுபட்டாலும் மூட்டு மறுபடி இறுகும்.

இப்போது என் சைக்கிளின் பின் ஃபிரேம் கையை விட்டதும் தானாக இறங்குகிறது. பழைய ஷாக்கையே மறுபடி மாட்டி ஓட்டுகிறேன்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஷாக் போய்விட்டது என்று சொல்லும் முன் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, பின் ஃபிரேமை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே தூக்கி விட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்