முதலில் பெட்டி பேசட்டும்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள், புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வை. உன்னிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்றும் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு வேலை மாற்றலாகி விட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

வீட்டுக் கணினிகளுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நெட் வரவில்லை என்று புலம்பியிருக்கிறாய். நெட் கடைசிப் பேச்சு. அந்தப் பெட்டி உன் கணினியோடு பேசுகிறதா, அதைப் பார் முதலில்.

அடாப்டர் அதனுடையதுதானா? அடியில் உள்ள ஸ்டிக்கரில் வோல்ட் போட்டிருக்கும். முனை பொருந்துகிறதே என்று 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்துவிடாதே. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.

அப்புறம் ரீசெட். சின்ன ஓட்டைக்குள் குச்சியை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடி. பழைய ஆள் என்னென்ன மாற்றி வைத்தாரோ, யார் கண்டது? தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ்; அதன் முகவரியை மாற்றியிருந்தால், நீ ஒரு தளத்தைக் கேட்க அது வேறெங்காவது கொண்டுபோய் விடும்.

இனி வைஃபையை அணைத்துவிட்டு, கணினியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் (LAN) போர்ட்டில், அதாவது வீட்டுக் கணினிகளுக்கான துளையில் செருகு. தனியாக நிற்கும் வான் (WAN) போர்ட், வெளியிலிருந்து வரும் நெட் லைனுக்கானது, இப்போது வேண்டாம். விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் முகவரி வரும். அது காலியாக இருந்து, உன் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உனக்கு முகவரி தரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது 192.168.1.10 என்று கையால் போட்டு, 192.168.1.1ஐ பிங் (ping) செய், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார். மசியவில்லையா, 192.168.0.10 போட்டு 192.168.0.1. பல கம்பெனிகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைக்கின்றன.

பிங் சொல்வதை நின்று படி. 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்தால் பதில் வரவில்லை, அவ்வளவுதான். பெட்டி வேண்டுமென்றே பிங்குக்கு வாய் திறக்காமலும் இருக்கலாம். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' வேறு கதை. அந்த வரியில் யாருடைய முகவரி இருக்கிறது என்று பார், உன்னுடையதேதான்! உன் கணினி தேடிப் பார்த்து, அப்படி ஒருவரும் இந்த ஒயரில் இல்லை என்கிறது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் அதையும் பதில் என்று எண்ணி, கடைசியில் இழப்பு பூஜ்யம் என்று காட்டும். அந்தக் கணக்கை நம்பாதே. 1983இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் பிங், இன்னும் இதைத்தான் முதலில் தேடுகிறோம்.

பதில் வந்துவிட்டால், அதே இடத்தில் ஏஆர்பி (arp -a) என்று அடித்து, ரவுட்டரின் முகவரிக்கு நேரே வரும் மேக் முகவரியை, அதாவது கம்பெனி அந்தப் பெட்டிக்குக் கொடுத்த அடையாள எண்ணை, ஸ்டிக்கரோடு ஒத்துப்பார். இதுதான் அந்தப் பெட்டி என்பது உறுதியாகும். அதற்குப் பிறகு வான் போர்ட்டில் நெட் லைனைச் செருகி, வெளியே இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8ஐ பிங் செய். அது பதில் தந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்.

ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்று. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குக் கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட மாடலாக இருந்தால் அதை நெட்டின் வாசலில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். மாடல் எண் தெரிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்