கம்பத்தடியில் விழுந்த குஞ்சு: கொல்லையில் மார்ட்டின் கூண்டு வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் மார்ட்டின் பறவைகளுக்குக் கூண்டுக் கம்பம் நட்டிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். குஞ்சு கீழே கிடந்தால் "தாய் வந்து பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடாதீர்கள். பர்ப்பிள் மார்ட்டின் தகைவிலான் இனம். பறந்தபடியே பூச்சி பிடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும் பறவை, புல்லில் இறங்கி இரை ஊட்டாது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இவை ஏறக்குறைய முழுக்க மனிதர் வைக்கும் கூண்டுகளையும் சுரைக்குடுக்கைகளையுமே நம்பியிருக்கின்றன. கூண்டு வைத்தவர்தான் குஞ்சை மேலே ஏற்ற வேண்டும். டெக்சாஸ் பக்கம் என்றால் உடனே. நெருப்பெறும்பு மொய்க்க அதிக நேரம் ஆகாது.

மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று ஊரில் கேட்டதை மறந்துவிடுங்கள். அணில் குட்டிக்குப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்த பழக்கத்தையும்தான். பால், சோறு, ரொட்டி எதுவும் ஆகாது. வாயில் தண்ணீர் சொட்டுவது அதைவிட ஆபத்து. நாக்கின் பின்புறம் அடிப்பகுதியில் தெரியும் துளை மூச்சுக்குழாய், அதில் இறங்கினால் குஞ்சு பிழைக்காது.

எடுத்ததும் இரு கைக்குள் பொத்திச் சூடேற்றுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தாலும் சரி. சில்லிட்ட குஞ்சுக்குச் செரிமானம் நின்றிருக்கும், அப்போது ஊட்டினால் கேடு. கால்கள் வெதுவெதுப்பான பிறகும் சோர்ந்திருந்தால், உறைநிலையிலிருந்து இளக்கிய சுவர்க்கோழிப் பூச்சி (கிரிக்கெட்) இரண்டு மூன்றை, பின்னங்கால் கிள்ளி, நீரில் நனைத்து, நாக்கைத் தாண்டி உள்ளே வையுங்கள். மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து வயது. உடம்பில் மயிரே இல்லை, கண் மூடியிருக்கிறது என்றால் பத்து நாளுக்குள். சிறகுக் குருத்துகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு கண் திறந்திருந்தால் பத்து, பன்னிரண்டு நாள். உடல் முழுக்க இறகு மூடியிருந்தால் மூன்று வாரத்தை நெருங்குகிறது. கூண்டறைகளுக்கு எண் எழுதி, பொரித்த தேதியைக் குறித்து வைத்திருப்பவருக்கு இது எளிது: எந்த அறையில் ஒன்று குறைகிறது என்று எண்ணிப் பார்த்து அங்கேயே வைக்கலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால், வயதில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வித்தியாசமில்லாத, குஞ்சுகள் குறைவாக உள்ள அறையில் சேருங்கள். மார்ட்டின் தன் குஞ்சு, பிற குஞ்சு என்று பார்க்காமல் ஊட்டும். வயது பொருந்தாவிட்டால் சிறியது மிதிபட்டுப் பட்டினி கிடக்கும்.

கூண்டைக் கப்பியில் நேராக இறக்குங்கள். கம்பத்தையே சாய்த்தால் உள்ளிருக்கும் குஞ்சும் முட்டையும் உருளும். பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் முடித்து, பழைய திசையிலேயே ஏற்றுங்கள். திசை மாறினால் பெற்றோருக்குத் தங்கள் வாசல் தெரியாது.

மூன்று வாரம் தாண்டியவை வேறு ரகம். அந்த வயதில் கூண்டைத் திறந்தால் பக்கத்து அறைக் குஞ்சுகளும் பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். அதனால் அந்தி மயங்கும்வரை காத்திருந்து உள்ளே விட்டு, வாசலைக் கந்தைத்துணியால் லேசாக அடைத்துவிடுங்கள். துணியில் நீளக் கயிறு கட்டியிருக்க வேண்டும். கூண்டை ஏற்றிக் கால் மணி நேரம் கழித்துக் கீழிருந்தே இழுத்துவிடலாம். இழுக்க மறந்தால் காலையில் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

விழுந்த காரணத்தைப் பார்க்காமல் திரும்ப வைத்தால் நாளையும் விழும். வாசலோரம் மிளகுத்தூள் நகர்வதுபோலத் தெரிந்தால் அது உண்ணிப்பேன். கூட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் இருந்தால் இரத்தம் குடிக்கும் ஈயின் புழுக்கள். இரவில் கடித்துவிட்டுப் பகலில் குப்பைக்குள் பதுங்கும். இரண்டுக்கும் மருந்துப்பொடி தூவ வேண்டாம். பழைய கூட்டை முழுதும் எடுத்து, தட்டைத் துடைத்து, உலர்ந்த பைன் மரச்சீவலை ஓர் அங்குலம் பரப்பி, வாசலுக்கு எதிர்மூலையில் குழி செய்து குஞ்சுகளை வையுங்கள். மரத்தூள் ஆகாது, மூச்சில் ஏறும். மழையில் நனைந்த கூட்டுக்கும் இதே வைத்தியம். இவை எதுவும் இல்லாமல் கோடை மதியத்தில் விழுந்தால் காரணம் வெக்கை. ஆறு அங்குலச் சதுர அறையில் ஐந்து குஞ்சு என்றால் வாய் பிளந்து வாசலுக்கு முண்டும். ஆறுக்குப் பன்னிரண்டு அங்குல அறையும் காற்றோட்டத் துளைகளும் இருந்தால் இது பெருமளவு குறையும்.

தலையில் கொத்துக்காயம் இருந்தால் சந்தேகம் சிட்டுக்குருவி மேல்தான். ஊரில் அதற்குப் பெட்டி வைத்துக் கூப்பிடுகிறோம். அமெரிக்காவில் அது 1850களில் கொண்டுவந்து விட்ட அந்நியப் பறவை, மார்ட்டின் குஞ்சைக் கொத்தித் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். அதன் கூட்டைக் கலைக்கச் சட்டத்தில் தடையில்லை. மார்ட்டினுக்கோ 1918ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உரிமம் இல்லாமல் வீட்டில் வளர்க்கக் கூடாது. இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரிடம் கொண்டுபோங்கள். பூனை கவ்வியிருந்தால் ஊசிமுனைக் காயம்கூடப் போதும், எச்சிலில் உள்ள கிருமிக்கு மருந்து கொடுக்காவிட்டால் செத்துவிடும்.

கம்பத்தடிப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், காலையும் மாலையும் ஒரு பார்வை பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கும் நாளில், முடுக்குவதற்கு முன்னால் கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிடுங்கள்.

அன்புடன்,
கூண்டு பராமரிக்கும் சிலர்