மேடைக்கு ஒரு கலவை, அரங்கிற்கு ஒரு கலவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மார்கழியிலும் நாளிதழ்களில் வெளிவரும் கச்சேரி விமர்சனங்களில் ‘ஒலியமைப்பு சரியில்லை’ என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. சபாக்களில், பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்ஸர் கருவியை இயக்கும் தொழிலில் இருக்கும் நான் அந்தக் குறையை மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே பிறக்கிறது என்பதைச் சபா நிர்வாகிகளும் கலைஞர்களும் அறிந்துகொண்டால், புதிதாக ஒரு கருவியும் வாங்காமலேயே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம் என்று உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மிக்ஸரிலிருந்து ஒரே ஒலி எல்லா இடங்களுக்கும் செல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் ஏற்றி இறக்க ஃபேடர் என்னும் தனித்தனி நகர்த்திகள் உண்டு; அரங்கின் மொத்த ஒலிக்கு உரியது மெயின் ஃபேடர். ரசிகர்கள் கேட்பது அதன் வழியாக வரும் கலவை. மேடையில் பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் முன்னால் உள்ள மானிட்டர் ஸ்பீக்கர்களுக்குச் செல்வது ஆக்ஸ் எனப்படும் குமிழ்களால் தனியே அமைக்கப்படும் கலவை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறாகாமல் இருக்க வேண்டுமானால் மானிட்டருக்கான ஆக்ஸை ‘ப்ரீ ஃபேடர்’ நிலையில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில், வைக்க வேண்டும். அப்போதுதான் அரங்கிற்காகப் பாடகரின் ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் மேடையில் அவர் கேட்கும் ஒலி மாறாது. அதே ஆக்ஸ், ஃபேடரைக் கடந்த பின் ஒலியை எடுக்கும் ‘போஸ்ட் ஃபேடர்’ நிலையில் இருந்தால், கடைசி வரிசைக்காக ஏற்றிய ஒலி மானிட்டரிலும் ஏறி, அது மைக்குக்குள் மீண்டும் புகுந்து, அரங்கமே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊளையிடத் தொடங்கும். பல மிக்ஸர்களில் இது ஒரே ஒரு பொத்தான்தான். கச்சேரிக்கு முன் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி, சபாவுக்குச் செல்பவர்கள் அனைவரும் கண்டிருக்கும் ஒரு காட்சி. ஆலாபனையின் நடுவே பாடகர் கையை மேல்நோக்கி அசைக்கிறார். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்கிறாரா, வயலின் கேட்கவில்லை என்கிறாரா, சுருதி போதவில்லை என்கிறாரா, அல்லது அரங்கில் ஒலி குறைவாக இருப்பதாகக் கருதுகிறாரா என்பது அந்தக் கையசைவில் இல்லை. இயக்குபவர் பதற்றத்தில் மெயின் ஃபேடரை ஏற்றுகிறார். மேடையில் எதுவும் மாறாததால் பாடகர் மறுபடியும் கையசைக்கிறார். ஃபேடர் மறுபடியும் ஏறுகிறது. ஒலியின் அளவு இருமடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு ஆற்றலைக் கொடுக்க வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏறிய கச்சேரியில், தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது முன்வரிசையில் இருக்கும் முதியவர்கள் எழுந்து பின்னால் போவதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன்.

மானிட்டரைப் பற்றிக் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தன் குரல் கேட்கவில்லை என்றால், அதை ஏற்றச் சொல்வதற்கு முன் அந்த மானிட்டரில் மற்றவை எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அருகில் அமர்ந்து வாசிக்கப்படும் மிருதங்கம் நேராகவே காதில் விழும். பாடகரின் மானிட்டரில் அதற்குப் பெரும்பாலும் இடமே தேவையில்லை. அதைக் குறைத்தாலே குரல் தெளிந்துவிடும். அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட மானிட்டரின் ஒலி மேடையோடு நின்றுவிடுவதில்லை. அது சுவர்களில் பட்டு முன்வரிசைகளில் கலங்கலாக விழுகிறது. அதை அமுக்க அரங்கின் ஒலியை இன்னும் ஏற்ற வேண்டியதாகிறது. கலைஞர்களின் செவிக்கும் இது நல்லதன்று. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்பதும் செவிப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது மிக்ஸரை வைக்கும் இடம். யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் 2017-இல் இசைக்காகவே சேர்க்கப்பட்ட நகரம் சென்னை. இங்கே இன்னமும் சில அரங்குகளில் மிக்ஸர் மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பின்னாலோ, கண்ணாடி போட்ட அறைக்குள்ளோ இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ரசிகர் கேட்பது கேட்காது. அவர் ஹெட்போனை நம்புகிறார். ஹெட்போன் வேறொரு வேலைக்கு உரியது. பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தினால் அந்த ஒரு மைக்கின் ஒலி, ஃபேடருக்கு முன்பிருக்கும் நிலையில், ஹெட்போனில் கேட்கும். இரைச்சல் இருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா, கெயின் (மைக்கின் ஒலியை மிக்ஸர் உள்ளே பெருக்கிக்கொள்ளும் அளவு) சரியாக இருக்கிறதா என்று அறிய அது மிகச் சிறந்த வழி. அரங்கில் குரலுக்கும் வயலினுக்கும் உள்ள விகிதத்தை அது ஒருபோதும் சொல்லாது. மிக்ஸரில் ஒலியின் அளவை விளக்குகளால் காட்டும் மீட்டரும் அப்படித்தான்: சிவப்பு விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ள உதவும், செவிக்கு ஈடாகாது. ஆகவே அரங்கின் நடுவே, சுவரை ஒட்டாமல், நாலைந்து இருக்கைகளை விட்டுக்கொடுத்து மிக்ஸரை வைக்குமாறு சபாக்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இருக்கைகளின் டிக்கெட் வருமானம் போகும் என்பது உண்மை. மற்ற எல்லா இருக்கைகளிலும் இருப்பவர்களுக்காக அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

இணைய நேரலை பெருகிவிட்ட இந்நாளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெயின் வெளியீட்டிலிருந்தே ஒரு கம்பியை இழுத்துக் கேமராவில் செருகிவிடுகிறார்கள். சிறிய அரங்கில் மிருதங்கம் தானாகவே கேட்பதால் மெயினில் அது குறைவாக இருக்கும்; வீட்டில் கேட்பவருக்கு மிருதங்கம் எங்கோ தொலைவில் ஒலிக்கும். மேலும், மைக்கின் ஒலியைவிடப் பல மடங்கு வலுவான, ‘லைன் அளவு’ எனப்படும் மிக்ஸர் வெளியீட்டை மைக்கிற்கான நுழைவில் செருகினால் ஒலி சிதைந்தே பதிவாகும். பதிவுக்கென ஓர் ஆக்ஸை ஒதுக்கி, அளவைப் பொருத்தி அனுப்புவதே முறை.

ஒரே நாளில் பல கச்சேரிகளை அடுத்தடுத்து வைக்கும்போது, முந்தைய கச்சேரி முடிந்து திரை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டியிருக்கிறது. கச்சேரிகளுக்கு இடையே இருபது நிமிடமாவது ஒலிச் சரிபார்ப்புக்கென்றே நிகழ்ச்சி நிரலில் அச்சிட வேண்டும். அந்த நேரத்தில் முதலில் மெயினை மூடிவைத்து மேடை மானிட்டரைக் கலைஞர்களுக்கு நிறைவாக அமைத்துவிட்டு, அதன் பிறகே அரங்கின் ஒலியைத் திறக்க வேண்டும். யார் மானிட்டரில் எது வேண்டும் என்பதைக் கலைஞர்கள் ஒரு தாளில் முன்கூட்டியே எழுதித் தந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். வரும் டிசம்பருக்கான நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்புமுன் சபா நிர்வாகிகள் இதைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபா ஒலியமைப்பாளர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.