ஸ்டுவர்ட் 10வி: எந்த முகத்தை முதலில் வெட்டுவது?

அன்புள்ள தம்பிக்கு,

பழைய ஸ்டுவர்ட் 10வி என்ற சிறு மாதிரி நீராவி எஞ்சினின் வார்ப்புகள் (இனிக் கடைந்து முடிக்கவேண்டிய உலோகப் பாகங்கள்) வரைபடத்தோடு கிடைத்திருப்பதாகவும், அங்குல அளவுகளையெல்லாம் மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டதாகவும், இந்த வாரமே ஃப்ளைவீலில் (சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரம்) தொடங்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வார்ப்புகள் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். மற்ற இரண்டையும் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்லவே இக்கடிதம்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லிக்கு அருகேயுள்ள ஷிப்லேக் மாளிகையின் மின்னாக்கி இயந்திரங்களைக் கவனித்துவந்த ஸ்டுவர்ட் டர்னர் என்ற பொறியாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய வார்ப்புகளை விற்கத் தொடங்கினார். வாங்கியவர்கள் வீட்டில் ஒரு சிறு லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருந்தவர்கள். ஆகவே இந்த எஞ்சினில் சிறு லேத்தில் அடங்காத பாகம் எதுவும் இல்லை. ஆனால் எதை எப்படிப் பிடித்து எந்த வரிசையில் வெட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையிலேயே வரைபடமும் வரையப்பட்டது. அதில் இறுதி அளவுகள் உண்டு. வேலையின் வரிசை இல்லை.

முதலில் அளவுகள். இந்த எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். இந்த 0.05-ஐத் துரத்திக்கொண்டு போவதில் பொருளில்லை. துளை நேராகவும், இரு முனைகளிலும் ஒரே விட்டமாகவும், வழவழப்பாகவும் வந்துவிட்டால், அது 19.1 ஆக இருந்தாலும் பிஸ்டனை அதற்கேற்பக் கடைந்துகொள்ளலாம். பிஸ்டனையும் அதன் ராடில் (தண்டில்) மாட்டிய பிறகே இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே அச்சில் நிற்கும். திருகுகளில் மட்டும் கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் முறையான 7 பி.ஏ. திருகின் விட்டம் 2.5 மில்லிமீட்டர் என்பதால் மெட்ரிக் முறையின் எம் 2.5 போட்டுவிடலாம் என்று தோன்றும். ஒன்றின் புரி இடைவெளி 0.48, மற்றொன்றின் இடைவெளி 0.45; புரியின் கோணமும் வேறு. பெட்டியில் இருக்கும் பழைய போல்ட்டுகளை எம் டேப்பால் (துளைக்குள் புரி வெட்டும் கருவி) புரி போட்ட துளையில் திருகினால் சில சுற்றுகளில் இறுகி நின்றுவிடும். ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

இனி வரிசை. இந்த எஞ்சின் முழுவதும் ஒரு செங்குத்துக் கோட்டில் தொங்குகிறது. சிலிண்டர் துளை, கீழ்மூடியிலுள்ள கிளாண்ட் (ராடைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் பகுதி), சிலிண்டரைத் தாங்கும் தூணுக்குள் இருக்கும் கிராஸ்ஹெட் (ராடின் முனையை நேராக ஓடவைக்கும் பாகம்) வழி ஆகிய மூன்றும் அந்தக் கோட்டிலேயே இருக்கவேண்டும். கிராங்க் அச்சு (சுழலும் தண்டு) அதைச் செங்கோணத்தில் வெட்டவேண்டும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வெட்டும் இந்தக் கோட்டுக்கு நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் வரிசை தானாகவே புலப்படும். சிலிண்டரை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் (பாகத்தைப் பிடிக்கும் பிடி) பிடிக்கும்போது வெளி விளிம்புகளை வைத்து மையம் பாருங்கள். வார்ப்பில் கோர் துளை (வார்க்கும்போதே விடப்பட்ட துளை) இருந்தால் அதை நம்பவேண்டாம், அந்தத் துளைக்காக அச்சில் வைக்கும் கோர் மணலுக்குள் எளிதில் நகரும். துளையிடுவதையும், தூணின்மேல் அமரப்போகும் கீழ்முகத்தை வெட்டுவதையும் சக்கைத் தளர்த்தாமல் ஒரே பிடியில் முடியுங்கள். மறுமுகத்தை, துளைக்குள் இறுக்கமாக நுழையும் மேண்ட்ரல் என்ற உருண்டைத் தண்டில் மாட்டி வெட்டலாம். தூணுக்கும் இதே முறைதான்: மேல்முகமும் உள்வழியும் ஒரே பிடியில், பாதங்கள் பிறகு, அந்த வழிக்குள் இறுக்கமாக நுழையும் மேண்ட்ரலில். நீராவியைச் சிலிண்டரின் இரு முனைகளுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும் ஸ்லைட் வால்வு ஓடும் முகத்துக்குச் சிலிண்டரை ஆங்கிள் பிளேட்டில் (செங்கோணத் தகடு) வைத்துத் துளை வழியே ஒரு போல்ட் போட்டு இறுக்கினால், அந்த முகம் துளைக்கு இணையாக வரும். நீராவி வழிகளைச் சாய்வாகத் துளைக்கும்போது ட்ரில்லில் ஆழத்துக்கு ஒரு காலர் (தடுப்பு வளையம்) போடுங்கள். சற்று மீறினாலும் ட்ரில் நடுவிலுள்ள வெளியேற்று வழிக்குள் புகுந்துவிடும், அதன்பின் அந்தச் சிலிண்டரை வீசத்தான் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் வார்ப்பின் எல்லா முகங்களிலும் சாக்பீஸ் தடவி, சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளத் தகடு) வைத்து இறுதி அளவுகளைக் கோடிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் உலோகம் மிச்சம், எந்தப் பக்கம் பற்றாக்குறை என்று அப்போதே தெரிந்துவிடும். வார்ப்பிரும்பின் மேல்தோல் மணலோடு சேர்ந்து கடினமாக இருக்கும். முதல் வெட்டிலேயே லேத்தின் உளி அந்தத் தோலுக்கு அடியில் போகவேண்டும். பயந்து மெல்லச் சுரண்டினால் உளியின் முனைதான் மழுங்கும். மெல்லிய ஓரங்களில் அரம்கூடப் பிடிக்காமல் வழுக்கினால், வார்க்கும்போது அந்த இடம் சட்டென்று குளிர்ந்து, மிகக் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாகிவிட்டது என்று பொருள். செந்நிறமாகும்வரை சூடாக்கிச் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். இரும்புத் தூள் லேத்தின் வழிகளைத் தேய்த்துவிடும் என்பதால் துணியோ தாளோ போட்டு மூடிக்கொள்வது நல்லது.

கிராங்க், பேரிங் மூடிகள், வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக் ஆகியவற்றை வரைபடத்தைப் பார்த்தே நீங்கள் செய்துவிடுவீர்கள்.

ஃப்ளைவீலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிவட்டத்தை வைத்து மையம் பார்ப்பதே வழக்கம்; எனக்கு அது உடன்பாடில்லை. வெளிவட்டத்தை எப்படியும் கடையப்போகிறோம். கடையாமல் விடப்போவது விளிம்பின் உட்புறம். அது சுற்றும்போது ஆடினால்தான் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும். ஆகவே உட்புறத்தை வைத்து மையம் பாருங்கள்.

எல்லாம் கூடியபின் வால்வுப் பெட்டியின் மூடியைப் போடாமல் கையால் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளிலும் வழி சமமாகத் திறக்கும்வரை வால்வு ராடின் நட்டால் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே எக்சென்ட்ரிக்கைத் திருப்பி, பிஸ்டன் முனையை எட்டும் தருணத்தில் வழி மயிரிழை திறக்கும்படி இறுக்குங்கள். வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடும். முதல் ஓட்டத்துக்குக் குறைந்த அழுத்தத்தில் காற்றே போதும். பாய்லரைப் பற்றி அதன்பின் பேசலாம். சாக்பீஸ் தடவிக் கோடிட்ட சிலிண்டரின் படங்களை வெட்டுவதற்கு முன் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்