பேரனுக்குச் சொல்ல வேண்டிய ஊர்க்கதை

திருத்துறைப்பூண்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடக்கிறது.

தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் பற்றி எழுதிவரச் சொன்னார்கள், பெரிய கோயிலும் கல்லணையும் எழுதினான் என்று போனில் சொன்னாய். சந்தோஷம். ஆனால் ராஜராஜனும் கரிகாலனும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறார்கள். நம்ம ஊர் வழியாகப் போகிற வேதாரண்யம் ரோட்டைப் பற்றி நாம்தானே அவனுக்குச் சொல்ல வேண்டும்?

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பிறகு நம்ம ஊர். எல்லாம் நடைதான். தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று உத்தரவு போட்டிருந்தார். சோழ வளநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய சீமையில் வந்தவனுக்குச் சோறு போடாதே என்றால் யார் கேட்பார்கள்? பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸ் யாரைப் பிடிக்கும்? அப்படிச் சோறு கட்டியவர்கள் ஒருத்தர் பேரும் எழுதி வைக்கப்படவில்லை. எனக்கு அவர்கள்தான் பெரிய மனிதர்கள்.

வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாடும் செய்து ஜெயிலுக்குப் போனார், சொத்தையும் பறிகொடுத்தார். 1946-ல் பெண் பிள்ளைகளுக்காகக் குருகுலம் தொடங்கியவரும் அவர்தான். முடிதிருத்தும் வைரப்பன், சவரம் பாதியில் இருக்கும்போது எதிரில் இருப்பது போலீஸ்காரர் என்று தெரிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். ஏப்ரல் 30 அன்று பக்கத்திலுள்ள அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பை அள்ளிய ராஜாஜியைக் கைது செய்தார்கள்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று மாப்பிள்ளை தயங்கலாம். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து மிராசுதார்களின் ஆட்கள் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் கூலிக் குடும்பங்கள். அவர்கள் கேட்டது கூலியாக அரைப்படி நெல் கூடுதலாக. தண்டிக்கப்பட்ட மிராசுதார்களையும் பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அதற்கப்புறம் காந்தி வழி வந்த தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இங்கே வந்து தங்கி, நிலமில்லாத பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டார்கள். மரத்தில் சோறு கட்டியதும் இந்தச் சீமைதான், நெல் கேட்டவர்களைக் கொளுத்தியதும் இந்தச் சீமைதான். ஒன்றை மட்டும் சொல்லி வளர்த்தால் அது பிள்ளையை ஏமாற்றுவது.

முழுப்பரீட்சை லீவில் கட்டாயம் வாருங்கள். சித்திரை வெயிலில்தான் உப்பு நன்றாக விளையும். பாத்தியில் கட்டிய தண்ணீர் சுண்டச் சுண்ட, பாலில் ஏடு கட்டுவது போல மேலே உப்புப் பூக்கும். ஆட்கள் பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். கஜா புயலில் அந்தப் பாத்தி முழுக்கச் சேறு ஏறிக் கிடந்ததையும், அவர்களே அள்ளிக் கொட்டி மறுபடி உப்பு எடுத்ததையும் தம்பி அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். இப்போது அகஸ்தியம்பள்ளி வரை ரயில் ஓடுகிறது. அதில் ஒரு நாள், வெண்மணி நினைவிடத்துக்கு ஒரு நாள். உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசும், தம்பிக்கு ஒரு தொப்பி எடுத்து வை.

அன்புடன்,
அம்மா