காய்ச்சல் லீவு லெட்டர் லண்டனுக்குப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவு லெட்டர் நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் மனப்பாடம். மேற்படிப்புக்காக இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு விவரம் கேட்டு எழுத உட்கார்ந்தாலும் கை அந்த அச்சையே தேடிப் போகிறது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று குழைந்து, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிக்கிறார்கள். விவரம் கேட்பவர் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும்?

தமிழில் மரியாதை 'தாங்கள்', 'அவர்கள்' போன்ற சொற்களிலும் வினைமுற்றிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான். அங்கே பணிவைச் சுமப்பவை 'குட்' (could), 'வுட்' (would) என்ற துணைவினைகள். 'ப்ளீஸ் சென்ட் மீ த டீடெய்ல்ஸ்' என்பது நமக்கு மரியாதையாகத் தோன்றும். படிப்பவருக்கு அது ப்ளீஸ் போட்ட உத்தரவு. 'கைண்ட்லி' சேர்த்தால் சில காதுகளுக்கு அதட்டலாகவே விழும். 'குட் யூ ப்ளீஸ் டெல் மீ' என்றோ, 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்றோ தொடங்கினால் போதும். அதற்கு மேல் புகழ்ச்சி தேவையில்லை.

அப்படித் தொடங்கியவர்களில் பலர் அடுத்த அடியில் சறுக்குகிறார்கள். 'குட் யூ டெல் மீ வாட் இஸ் த ஃபீ' என்பது தவறு. 'வாட் த ஃபீ இஸ்' என்று வர வேண்டும். காரணம் தமிழில் இருக்கிறது. 'கட்டணம் எவ்வளவு' என்ற கேள்வியை அப்படியே வைத்து 'என்று' சேர்த்தால் நமக்கு வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'என்று' இல்லை. சொற்களின் வரிசையை மாற்றித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆம், இல்லை என்ற பதில் வரும் கேள்வியானால் 'வெதர்' (whether) போட்டு இணைக்க வேண்டும்.

விளிப்பும் முடிப்பும் ஜோடி. பிரிட்டிஷ் வழக்கில் பெயர் தெரியாமல் 'டியர் சர் ஆர் மேடம்' என்று எழுதினால் முடிவு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் சொல்லி எழுதினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அமெரிக்காவுக்கு 'சின்சியர்லி' போதும். மிஸ்டர், மிஸ், டாக்டர் எல்லாம் குடும்பப் பெயரோடுதான் சேரும். 'ஜான் சார்' பழக்கத்தில் 'மிஸ்டர் ஜான்' என்று எழுதக் கூடாது. 'தேங்கிங் யூ' என்று அந்தரத்தில் தொங்கவிடாமல் 'தேங்க் யூ ஃபார் யுவர் ஹெல்ப்' என்று முழு வாக்கியமாக முடிக்கலாம். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்குப் பின் 'ஹியர்' வராது, 'ஹியரிங்'தான்.

'ஆவன செய்யவும்' என்ற பொருளில் நாம் எழுதும் 'டூ த நீட்ஃபுல்' பழைய பிரிட்டிஷ் வணிகக் கடிதங்களில் இருந்த தொடர். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நாம்தான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'ரிவர்ட்' என்றால் அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புதல்; பதில் எழுதுவது 'ரிப்ளை'. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்பிக்கையில்லை என்று படும். கேட்க நினைப்பது 'கொஸ்சன்'.

இனி கடிதத்தின் உள்ளே. சப்ஜெக்ட் வரியில் வெறும் 'என்கொயரி' என்று எழுதினால் யார் மேசைக்கு அனுப்புவது என்று அலுவலகத்துக்கே தெரியாது. படிப்பின் பெயர், சேரும் மாதமும் ஆண்டும், விண்ணப்ப எண் இருந்தால் அதுவும் அந்த வரியில் வரட்டும். முதல் பத்தியில் யார், என்ன படித்தவர், எதற்காக எழுதுகிறார் என்று இரண்டே வாக்கியம். அப்பாவின் தொழிலும் சின்ன வயதுக் கனவும் இங்கே வேண்டாம். மதிப்பெண்ணை '8.2' என்று மட்டும் விடாமல் '8.2 அவுட் ஆஃப் 10' என்று எழுத வேண்டும். அடுத்து கேள்விகள்; மூன்றுக்கு மேல் போனால் ஒன்றுக்காவது பதில் விட்டுப்போகும். இணையதளத்தில் இருப்பதைக் கேட்டால் அந்தப் பக்கத்தின் இணைப்பு மட்டுமே பதிலாக வரும். 'ஆங்கிலத் தகுதி பற்றிய பக்கத்தைப் படித்தேன். கல்லூரி தரும் ஆங்கிலவழிச் சான்றிதழை ஏற்பீர்களா என்பது அதில் இல்லை' என்ற பொருளில் கேட்டால் பதில் சொல்பவருக்கு வேலை பாதி முடிந்தது.

எண்களிலும் கவனம் வேண்டும். 04/05 என்பது லண்டனில் மே 4, நியூயார்க்கில் ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வம்பில்லை. லட்சம் வெளியே புரியாது. 15,00,000 என்ற கால்புள்ளி முறையும் அப்படித்தான். 1,500,000 என்று போட்டு, எந்த நாணயம் என்றும் எழுத வேண்டும். கீழே பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்தும் கடிதத்தில் சுருக்கியும் எழுதினால் இரண்டும் ஒருவரா என்று தேட வைக்கும். கேட்காத சான்றிதழ்களை இணைக்கக் கூடாது. பாஸ்போர்ட் நகல் கூடவே கூடாது.

'அட் தி எர்லியஸ்ட்' என்று விரட்டுவதைவிடக் காரணத்தோடு தேதி சொல்வது மேல்: ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள் இது, அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று. பதில் வராவிட்டால் பத்து வேலை நாட்கள் பொறுத்து, அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டலாம். புதிதாக ஒன்று எழுதி அதே கேள்வியைத் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒவ்வொருவரும் அடுத்தவர் பதில் சொல்வார் என்று விட்டுவிடுவார்கள்.

பள்ளிகளில் லீவு லெட்டருக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பாடவேளையையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்,
திருச்சி.